ஏட்டில் ஏறிய பெயர்

இத்தாலியக் குடியரசின் அரசியல் சாசனம் 1948-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தபோது, அதன் 34-ஆவது ஷரத்து மாணவ உலகத்துக்கு ஒரு பெரிய வாக்குறுதியை அளித்தது. திறமையும் தகுதியும் வாய்ந்தவர், கையில் பொருளில்லாதவராயினும், கல்வியின் உச்சப் படிகளை எட்டும் உரிமை உடையவர் என்றும், அவ்வுரிமை வெறும் வார்த்தையாக நின்றுவிடாதபடி உபகாரச் சம்பளங்களாலும் குடும்பங்களுக்கு அளிக்கும் உதவித் தொகைகளாலும் அரசு அதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டது என்றும் அந்த ஷரத்து விதிக்கிறது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல் தொகுக்கப்பட்ட குடியேற்றச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, சர்வகலாசாலையில் சேர்வதிலும் படிப்புக்கான உதவிகளைப் பெறுவதிலும் அயல்நாட்டாரும் இத்தாலியப் பிரஜைகளும் சமமே என்று அறிவித்தது. இவ்வளவு விசாலமான உரிமையை நம்பி இன்று பொலோஞாவுக்கோ பதுவாவுக்கோ போய்ச் சேரும் மாணவர், அதைக் கேட்டுப் பெறுமுன், எழுத்தும் இலக்கமும் கலந்து பதினாறு இடங்களில் அமைந்த ஒரு குறியைக் கைவசப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோடிச்சே ஃபிஸ்காலே என்று அந்நாட்டார் வழங்கும் அந்த வரிக் குறியெண் இல்லாமல் அவருடைய விண்ணப்பம் நெடுந்தூரம் நகராது. குடும்ப வருமானத்தின் கணக்கு முடியாது. பணம் வந்து சேர வங்கியில் ஒரு கணக்குத் திறப்பதும் எளிதாகாது.

இது காரியாலயங்களின் அண்மைக்காலத் தொல்லை என்று சலித்துக்கொள்வோர் பலர். ஆனால் இத்தாலியக் கல்வியின் எண்ணூறு ஆண்டுச் சரித்திரத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், அயலூர் மாணவன் ஏதேனும் ஓர் ஏட்டில் தன் பெயரை ஏற்றிக்கொள்ளாமல் அங்கே எந்தச் சலுகையையும் எக்காலத்திலும் பெற்றதில்லை என்பது புலனாகும். காலந்தோறும் மாறி வந்தவை இரண்டே: அந்த ஏடு யார் கையில் இருந்தது என்பதும், அதில் பெயரை எழுதுமுன் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பதும்.

பொலோஞா சர்வகலாசாலைக்கு 1088 என்று வழங்கும் பிறந்த ஆண்டு, 19-ஆம் நூற்றாண்டில் கவிஞர் கார்துச்சி முதலியோர் எண்ணூறாவது ஆண்டு விழாவுக்காக நிர்ணயித்துக்கொண்ட ஒன்றேயாம். ரோமானியச் சட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களைச் சுற்றி, ஆல்ப்ஸ் மலைக்கு இப்பாலிருந்தும் அப்பாலிருந்தும் வந்த மாணவர் திரள் 12-ஆம் நூற்றாண்டில் அங்கே பெருகிற்று என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. அக்காலத்து நகரமொன்றில் அயலூரான் என்பவன் பாதுகாப்பற்றவன். அவனுடைய ஊர்க்காரன் ஒருவன் கடன் வாங்கிவிட்டு ஓடிவிட்டால், கடன் கொடுத்தவன் அதே ஊரைச் சேர்ந்த வேறு எவனையும் பிடித்து அவன் பொருளைப் பறிமுதல் செய்யலாம் என்பது அந்நாள் வழக்கம். இந்தக் கொடுமையிலிருந்து மாணவர்களை விடுவிக்கவே, செம்பொன் தாடியன் என்று பெயர் பெற்ற பேரரசர் முதலாம் பிரெடரிக், ஹபிதா என்னும் சாசனத்தை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறப்பித்தார். கல்வியின் பொருட்டு நாடு விட்டு நாடு செல்வோர் அச்சமின்றிப் பயணம் செய்யவும், பிறர் கடனுக்காகத் தாம் பிடிபடாமலிருக்கவும், தம்மேல் வழக்கு வந்தால் தம் ஆசிரியரிடமோ அந்நகரத்து மேற்றிராணியாரிடமோ நியாயம் பெறவும் அது வழி செய்தது.

சாசனம் பேரரசருடையது, ஆனால் அதன் பயனைப் பெறத்தக்க மாணவன் இன்னான் என்று காட்டிய ஏடு மாணவர்களுடையதாக இருந்தது. மலைக்கு இப்பாலிருந்து வந்தோர் ஒரு சங்கமாகவும் அப்பாலிருந்து வந்தோர் மற்றொரு சங்கமாகவும் கூடி, ஒவ்வொன்றிலும் பிறந்த தேசத்தின்படி பல பிரிவுகளாகப் பிரிந்து, தமக்குள் ஒருவரை ரெக்டராகத் தேர்ந்தெடுத்து, அவர் முன் பிரமாணம் செய்து தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். பொலோஞாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இச்சங்கங்களில் இடமில்லை. நகரத்துப் பிரஜை என்ற முறையில் அவர்களுக்கு வேண்டிய காப்பு ஏற்கெனவே இருந்தது. ஆகவே, இன்று அயல்நாட்டு மாணவர் விலாசம் தேடி அலையும் அதே நகரத்தில், ஒரு காலத்தில் அயலாரே சர்வகலாசாலையாக இருந்தார்கள். ஆசிரியருக்கு ஊதியம் அவர்கள் வசூலித்த பணத்திலிருந்து போயிற்று. காலந்தவறி வந்த ஆசிரியருக்கு அபராதமும் அவர்களே விதித்தார்கள். நகரத்தோடு மனஸ்தாபம் முற்றினால் ஏட்டைச் சுருட்டிக்கொண்டு கூட்டமாக வேறு நகரம் போனார்கள். பதுவாவின் சர்வகலாசாலை 1222-இல் தோன்றியது பொலோஞாவிலிருந்து அவ்வாறு பெயர்ந்து வந்தவர்களாலேதான்.

ஜெர்மானியப் பிரிவினர் 1289 முதல் எழுதி வந்த குறிப்புகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அப்பிரிவின் பெயரேட்டில் ஏறியவர்களுள் ஒருவர், 1496-இல் சட்டம் படிக்க வந்த நிக்கோலஸ் கோப்பர்னிக்கஸ். சூரியனை நடுவில் நிறுத்திப் பிற்காலத்தில் உலகத்தின் கணக்கையே திருத்திய அம்மேதை, மாணவப் பருவத்தில் தம் செலவுக் கணக்கைச் சரிக்கட்ட இயலாமல் தவித்தவர். மேற்றிராணியாராக இருந்த தாய்மாமன் உதவியால் வார்மியா தேவாலயத்தில் அவருக்கு ஒரு மானியப் பதவி கிடைத்தது. அதை ஏற்றுக்கொள்வதாக 1497-இல் பொலோஞாவிலேயே நோட்டரி முன்னிலையில் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இவ்வளவுக்குப் பின்னும் 1499-இல், தமையன் ஆந்திரேயாஸுடன் சேர்ந்து கடன் வாங்கும் நிலை அவருக்கு வந்தது. 1501-இல் ஊர் திரும்பி, மேலும் இரண்டு ஆண்டுகள் வைத்தியம் படிக்க அனுமதி வேண்டி, தேவாலயத்துக் குழுவின் இசைவு பெற்றுப் பதுவாவுக்குப் புறப்பட்டார். வெளிதேசத்தில் படிப்பு, ஊரிலிருந்து வரவேண்டிய பணம், அதற்கான பத்திரம், இடையிலே கடன், காலநீட்டிப்புக்கு ஒரு விண்ணப்பம் என்ற இந்த வரிசை இன்றைய மாணவருக்குப் புதிதன்று.

மாணவர் தம் ஏட்டைத் தாமே வைத்திருந்தும், வறியவனுக்குச் சோறு போடும் வல்லமை அந்த ஏட்டுக்கு இருக்கவில்லை. அதற்குத் தருமவான்கள் வேண்டியிருந்தார்கள். ஸ்பானிய தேசத்துக் கார்டினல் கில் தே அல்போர்னோஸ், 1364-இல் எழுதிய தம் மரண சாசனத்தில், பொலோஞாவில் தம் நாட்டு மாணவருக்காக ஒரு கல்லூரி எழும்ப வேண்டும் என்று பொருள் ஒதுக்கினார். மத்தேயோ கட்டப்போனே என்னும் சிற்பி எழுப்பிய அக்கட்டடம் இன்றும் நிற்கிறது; ஸ்பானிய மாணவர் இன்றும் அதில் தங்கிப் படிக்கிறார்கள். தொடக்கத்தில் 24 பேருக்கு அங்கே இடம் உண்டு. தங்க இடமும் உண்ண உணவும் கொடுத்த அந்த ஸ்தாபனம், மாணவர் சங்கம் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டது: நீ ஏழை என்பதற்கு யார் சாட்சி? ஸ்பெயினிலுள்ள மேற்றிராணியார்களும் தேவாலயக் குழுக்களும் தத்தம் பகுதியிலிருந்து மாணவரைப் பரிந்துரைத்து அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தின் பலத்தில்தான் கதவு திறந்தது.

கேள்வி கேட்கும் அதிகாரம் ஒருமுறை கைவந்துவிட்டால் அது ஒரே கேள்வியோடு நிற்பதில்லை. வறுமைக்குச் சாட்சி கேட்ட அதே கல்லூரி, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வம்சத்துக்கும் சாட்சி கேட்கத் தொடங்கிற்று. யூதரோ முஸ்லிமோ கலவாத பழைய கிறிஸ்தவக் குலத்தில் பிறந்தவன் என்று மெய்ப்பித்தாலொழிய இடமில்லை என்ற விதி, ஸ்பெயினின் வேறு பல ஸ்தாபனங்களுக்கு முன்பே இங்கே புகுந்தது. பிறகு மதம் முழு ஏட்டையுமே பற்றிக்கொண்டது. போப்பாண்டவர் நான்காம் பயஸ் 1564-இல் வெளியிட்ட ஆணை, கத்தோலிக்க விசுவாசத்தைப் பிரமாணமாக உரைக்காத எவருக்கும் சர்வகலாசாலைப் பட்டம் அளிக்கலாகாது என்று தடுத்தது. பதுவாவிலோ ஜெர்மானிய மாணவரில் புராடெஸ்டண்டுகள் ஏராளம். கிரேக்கத் திருச்சபையினரும் யூதரும் வைத்தியம் படிக்க அங்கே வந்துகொண்டிருந்தார்கள். பதுவாவை ஆண்ட வெனிஸ் குடியரசுக்கு, மாணவர் வரவால் வரும் செல்வமும் கீர்த்தியும் பெரிதாயிருந்தன. ஆகையால் 1616-இல், போப்பின் அதிகாரத்தின் கீழன்றி வெனிஸ் அரசின் அதிகாரத்தின் கீழ்ப் பட்டம் வழங்கும் தனிக் குழு ஒன்றை அது ஏற்படுத்தி, மதப் பிரமாணத்தைச் சத்தமின்றி விலக்கிவிட்டது. மாணவனை அடையாளம் காணும் அதிகாரம் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு நழுவிய முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. அந்த முறை அது மாணவனுக்கு நன்மையாகவே முடிந்தது.

அரசின் கை எப்போதும் அவ்வளவு தாராளமாக இருந்ததில்லை என்பதை 20-ஆம் நூற்றாண்டு காட்டிற்று. பாசிச ஆட்சிக் காலத்தில் இத்தாலி அயல்நாட்டு மாணவரை ஒரு கையால் அழைத்தது. தத்துவ ஆசிரியர் ஜெந்திலேயும் கீழ்த்திசைக் கலைகளில் வல்லவரான ஜுசெப்பே தூச்சியும் முன்னின்று 1933-இல் நிறுவிய ஆசியக் கழகம் இந்திய மாணவருக்கு உபகாரச் சம்பளங்கள் அளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ரோமாபுரியில் கூடிய ஆசிய மாணவர் மாநாட்டுக்குச் சுபாஷ் சந்திர போஸும் போயிருந்தார். ஆங்கிலேய ஏகாதிபத்தியத்தின் மேல் அதிருப்தி கொண்ட இளைஞரின் நட்பைச் சம்பாதிப்பதில் முசோலினிக்கு ஆதாயம் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஐந்தே ஆண்டுகளில், 1938 ஆகஸ்ட் 22 அன்று, அதே அரசாங்கம் நாட்டிலிருந்த யூதர் அனைவரையும் தனியே கணக்கெடுத்து ஓர் ஏடு தயாரித்தது. சரியாக இரண்டே வாரத்தில் பள்ளிகளிலிருந்தும் சர்வகலாசாலைகளிலிருந்தும் யூதரை விலக்கும் ஆணை பிறந்தது. சர்வகலாசாலையில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர் மட்டும் தற்காலிகமாகத் தொடர விடப்பட்டனர். பெயரை எழுதிக்கொள்ளும் ஏடு கொடுப்பதற்கும் உதவும், பறிப்பதற்கும் உதவும் என்பதற்கு இதைவிடக் கொடிய நிரூபணம் அந்நாட்டுச் சரித்திரத்தில் இல்லை.

யுத்தத்துக்குப் பின் எழுதப்பட்ட சாசனத்தின் வாக்குறுதி காசாக மாறப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1963 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டமே, வசதியற்ற சர்வகலாசாலை மாணவருக்குப் படிப்பூதியம் என்ற ஒன்றை முதன்முதலில் ஒழுங்காக ஏற்படுத்திற்று. 1977-இல் மாணவர் உதவிப் பொறுப்பு சர்வகலாசாலைகளிடமிருந்து மாகாண அரசுகளுக்கு மாறியது. 1991-ஆம் ஆண்டுச் சட்டம் படிப்புரிமைக்கு நாடு தழுவிய ஓர் அமைப்பைக் கொடுத்தது. 2001 ஏப்ரலில் பிறந்த பிரதமர் ஆணை, எவருக்கு எவ்வளவு, எந்தத் தேர்ச்சிக்கு எந்தத் தவணை என்ற விவரங்களை மாகாணங்கள் அனைத்துக்கும் பொதுவாக்கிற்று.

இந்தக் கல்விச் சட்டங்களோடு எவ்விதத்திலும் சம்பந்தமில்லாமல் வேறொரு திசையிலிருந்து வந்தது அந்தக் குறியெண். 1970-களின் தொடக்கத்தில் இத்தாலி தன் வரி முறையை அடியோடு திருத்தியது. மதிப்புக் கூட்டு வரி 1973-இலும் புதிய வருமான வரி 1974-இலும் நடைமுறைக்கு வந்தன. வரி செலுத்துவோரை அடையாளம் காண ஒரு தேசியப் பதிவேடு அவசியமாயிற்று. அதற்காக 1973 செப்டம்பர் 29-ஆம் தேதியிட்ட ஆணை, ஒவ்வொருவருக்கும் ஒரு வரிக் குறியெண் வகுத்தது. மக்களிடமிருந்து பணம் வாங்குவதற்காகப் பிறந்த எண், நாளடைவில் வைத்தியசாலைக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் தொலைபேசி இணைப்புக்கும் இன்றியமையாததாகி, இறுதியில் அரசு பணம் கொடுக்குமிடத்திலும் வாயிற்காவலனாக வந்து நின்றது.

அதன் அமைப்பு விநோதமானது. சாதாரண வரிசை எண் போன்றதன்று. குடும்பப் பெயரின் முதல் மூன்று மெய்யெழுத்துகள். பிறகு இடுபெயரிலிருந்து மூன்று. மெய் போதாவிடில் உயிரெழுத்து, அதுவும் போதாவிடில் எக்ஸ் என்னும் எழுத்து நிரப்பப்படும். அடுத்து பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். மாதத்துக்கு ஓர் எழுத்து. நாளுக்கு இரண்டு இலக்கங்கள், பெண்ணாயின் அந்நாளோடு 40 கூட்டப்படும். பிறந்த ஊருக்கு ஒரு நான்கிடக் குறி. அயல்நாட்டில் பிறந்தவர்க்கு ஊர் இல்லை, நாடு மட்டுமே உண்டு. மதுரையில் பிறந்தாலும் காசியில் பிறந்தாலும் இசட் 222. இலங்கையில் எங்கு பிறந்தாலும் இசட் 209. ஈற்றில், முன்னுள்ள பதினைந்தையும் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் ஓர் எழுத்து. இருவருக்கு ஒரே குறி அமைந்துவிடுமாயின், இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து வேறுபடுத்துவார்கள். இந்தக் குறி மதத்தைக் கேட்பதில்லை, குலத்தைக் கேட்பதில்லை, செல்வத்தைக்கூடக் கேட்பதில்லை. பெயர், பிறப்பு, ஆணோ பெண்ணோ என்பது, இடம் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. எட்டு நூற்றாண்டுகளாக அயல் மாணவனை விசாரித்த ஏடுகளுள் இவ்வளவு அடக்கமாகக் கேள்வி கேட்ட ஏடு வேறில்லை.

ஆனால் குறைவாகக் கேட்கும் ஏடு, கேட்டதில் அணுவளவு பிசகையும் பொறுப்பதில்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமல் தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்வைத்துக்கொள்ளும் தமிழர் வழக்கு, குடும்பப் பெயருக்கும் இடுபெயருக்கும் தனித்தனிக் கட்டம் வைத்த படிவத்தின் முன் திகைத்து நிற்கிறது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ஒரு கட்டத்திலும், பட்டச் சான்றிதழில் முதலெழுத்தாகவும், விண்ணப்பத்தில் இடம் மாறியும் வருமானால், ஒரே மனிதருக்கு இரு வேறு குறிகள் கணக்கில் பிறந்துவிடக்கூடும். பதினாறில் முதல் ஆறிடங்கள் அந்த வரிசையைச் சார்ந்தே இருக்கின்றன. ஆகவே விவரமறிந்த மாணவர்கள், இந்தியாவிலுள்ள இத்தாலியத் தூதரக அலுவலகத்திலேயோ இத்தாலிக்குப் போய் அங்குள்ள வரி அலுவலகத்திலோ இதைப் பெறும்போது, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

குறி கிடைத்த பின்தான் செல்வத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. எமிலியா-ரொமாஞ்ஞா மாகாணத்தில் எர்கோ, பியெமொந்தேயில் எதிசு, தொஸ்கானாவில் டி.எஸ்.யு. என்று பல மாகாணங்களில் இதற்கென ஒரு ஸ்தாபனம் இருந்து உபகாரச் சம்பளத்தை நிர்வகிக்கிறது. இத்தாலியில் வாழும் குடும்பத்தின் பொருள்நிலையை அளக்க இசே என்னும் அளவுகோல் 1998-இல் வகுக்கப்பட்டது. குடும்பம் வெளிதேசத்தில் இருப்பவர்க்கு அதற்கு நிகரான ஒரு கணக்கைக் காஃப் எனப்படும் உதவி மையங்கள் போட்டுத் தருகின்றன. குடும்பத்தில் எத்தனை பேர், அவர்கள் ஈட்டியது என்ன, சேமித்தது என்ன, வீட்டின் பரப்பு எவ்வளவு என்பவற்றுக்கெல்லாம் ஊரில் பத்திரம் வாங்கி, இத்தாலிய மொழியில் பெயர்த்து, முத்திரை பெற்று அனுப்ப வேண்டும். ஒரு நாட்டின் பத்திர முத்திரையை மற்ற நாடுகள் ஏற்க வழி செய்யும் அப்போஸ்தில் உடன்படிக்கை 2005-இல் இந்தியாவில் அமலுக்கு வந்தது அந்தச் சுமையை ஓரளவு குறைத்தது. அயல்நாட்டிலுள்ள கட்டடத்துக்கு 2001-ஆம் ஆண்டு ஆணை வைத்த மதிப்பு சதுர மீட்டருக்கு 500 யூரோ. சென்னையின் மாடி வீடாயினும் விளாத்திகுளத்தின் ஓட்டு வீடாயினும் கணக்கு ஒன்றே. பொதுவிதி என்பது தன் சௌகரியத்துக்காகச் சில சமயம் உண்மையைத் துறக்க நேர்கிறது. மிக வறிய நாடுகள் என்று அரசு பட்டியலிட்டவற்றிலிருந்து வருவோருக்கு மட்டும் இந்தப் பத்திரக் குவியல் தள்ளுபடி. அந்நாட்டிலுள்ள இத்தாலியப் பிரதிநிதி, இவர் செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தவர் அல்லர் என்று ஒரு சான்று கொடுத்தால் போதும். அல்போர்னோஸின் கல்லூரிக்கு மேற்றிராணியார் எழுதியனுப்பிய கடிதம், ஆறு நூற்றாண்டு கழித்துத் தூதரகத்தின் முத்திரையோடு மறுபடி பிறந்திருக்கிறது எனலாம்.

இத்தனையும் முடித்தவருக்குப் பணம் நிச்சயமா எனில், அதுவும் இல்லை. மத்திய நிதி, மாகாண நிதி, மாணவரே ஆண்டுதோறும் செலுத்தும் படிப்புரிமை வரி ஆகிய மூன்று ஊற்றுகளிலிருந்து வரும் தொகை போதாத ஆண்டுகளில், தகுதி உண்டு, தொகை இல்லை என்ற ஒரு வகுப்பார் பட்டியலில் தோன்றிவிடுகிறார்கள். தொகை வாய்த்தவரும் முதலாண்டு ஆகஸ்ட் 10-க்குள் இருபது பாட அலகுகளில் தேர்ச்சி காட்டியாக வேண்டும். நவம்பர் இறுதிவரையிலும் காட்டாதவரிடமிருந்து வாங்கிய பணமே திரும்பக் கேட்கப்படும்.

இனி இந்த நெடுங்கதையைச் சீர்தூக்கினால் தோன்றுவது இது. மாணவர் கையில் ஏடு இருந்தபோது அவர்களுக்குக் குரல் இருந்தது. நியாயம் கிடைக்காவிடில் ஒட்டுமொத்தமாகப் புறப்பட்டுப் போகும் வலிமையும் இருந்தது. ஆனால் அந்த ஏட்டில் ஏழைக்கென்று ஒரு பத்தி இல்லை, பெண்ணுக்கு இடமே இல்லை. தருமவானின் ஏடும் திருச்சபையின் ஏடும் சோறு போட்டன, கூடவே குலத்தையும் விசுவாசத்தையும் துருவின. அரசின் ஏடு இன்று அவையிரண்டையும் கேளாமல், எந்நாட்டாருக்கும் ஆண் பெண் இருபாலாருக்கும் ஒரே வரியில் இடம் தருகிறது. அந்த லாபம் மிகப் பெரிது. பழைய சங்கங்களை நினைந்து ஏங்குவோர் அதை மறக்கலாகாது. இழந்தது என்னவெனில், பொலோஞாவின் பழைய மாணவன் தன் பெயரில் நேர்ந்த பிழையைத் தன்னால் தேர்ந்தெடுக்கப்பட்ட ரெக்டரிடமே சொல்லித் திருத்திக்கொண்டான். பதினாறிடக் குறியோடு நிற்கும் இன்றைய மாணவரோ, தனித்தனியே, அந்நிய பாஷையில், கெடு தேதிக்குள் அதைச் செய்ய வேண்டியவராக இருக்கிறார். 34-ஆவது ஷரத்து உரிமை அளித்தது திறமையும் வறுமையும் உடைய மனிதருக்கே; பிழையின்றிப் படிவம் நிரப்பியவருக்கு அன்று. ஆதலால் ஏட்டை வைத்திருப்பவர் ஏற்கவேண்டிய தருமம் ஒன்று மிஞ்சுகிறது: எழுத்தில் நேர்ந்த பிழையைத் திருத்த அவகாசம் கொடுப்பதும், அதுவரை அந்த நஷ்டம் மாணவரின் உபகாரச் சம்பளத்தின்மேல் விழாமல் காப்பதும் ஏடு எழுதுபவரின் கடனேயாகும்.